தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு டிராஃப்டர்!

குழந்தைகளே, காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் என்று ஒரு பகுதி இருக்கிறது. பட்டு நெசவாளர்கள் நிறைய வாழும் இடம். தெருவுக்குள் நுழைந்தாலே ‘டக்... டக்...’ என்று தறிச் சத்தம் காதில் விழும். காலை எட்டு மணிக்கு அங்கே நின்று பாருங்கள். முதுகில் பை, கழுத்தில் அடையாள அட்டை, ஒரு கையில் நீளமான பிளாஸ்டிக் குழாய், இன்னொரு கையில் உறைக்குள் மடக்கி வைத்த இரும்புக் கை மாதிரி ஒரு பொருள்... இப்படி ஓர் அண்ணனோ அக்காவோ பேருந்து நிறுத்தத்துக்கு ஓடுவதைப் பார்க்கலாம்.

குழாய்க்குள் சுருட்டி வைத்திருப்பது படம் வரையும் தாள். இரும்புக் கையின் பெயர் மினி டிராஃப்டர். வரைபலகையில் அதைப் பொருத்திவிட்டால், எங்கே நகர்த்தினாலும் அதன் அளவுகோல் சாயாமல் நேராகவே நிற்கும். இணைகோடுகள் வரைய இதைவிட எளிய கருவி இல்லை. இதைச் சுமந்துகொண்டு ஒருவர் ஓடினால் அவர் இன்ஜினியரிங் முதலாண்டு மாணவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

உங்களுக்குக் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வு என்று மூன்று உண்டு. அரையாண்டில் கோட்டை விட்டாலும் முழு ஆண்டில் பிடித்துவிடலாம். அவர்களுக்கு அந்த வசதி கிடையாது. ‘செமஸ்டர்’ என்றால் லத்தீன் மொழியில் ஆறு மாதம் என்று பொருள். நான்கு ஆண்டுப் படிப்பை எட்டு செமஸ்டராகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு செமஸ்டருக்கும் புதுப் பாடம், புதுத் தேர்வு. தேர்வு முடிந்ததும் அந்தப் பாடக் கணக்கும் முடிந்தது. தேறாவிட்டால்? அதற்கு ‘அரியர்’ என்று பெயர். அந்தப் பாடத்தை அடுத்த செமஸ்டர் பாடங்களோடு சேர்த்து மறுபடி எழுத வேண்டும். பழைய கடனோடு புதுக் கடனும் சேர்ந்த கதைதான். வருகைப் பதிவு 75 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வு எழுதவே முடியாது. அதனால் செமஸ்டர் தொடங்கும்போதே ஓட்டமும் தொடங்கிவிடுகிறது.

சரி, அந்தக் கல்லூரிக்குள் எப்படி நுழைந்தார்கள்? பிளஸ் டூவில் கணக்கு மதிப்பெண்ணை நூற்றுக்கும், இயற்பியலையும் வேதியியலையும் ஐம்பது ஐம்பதுக்கும் குறைத்துக் கூட்டுவார்கள். மொத்தம் 200. இதுதான் ‘கட்-ஆஃப்’. இரண்டு பேருக்கு எல்லா வகையிலும் சமமாக வந்துவிட்டால் கடைசியில் குலுக்கல் போல ஒரு சமவாய்ப்பு எண் கொண்டு முடிவு செய்வார்கள். முன்பு இதோடு நுழைவுத் தேர்வும் இருந்தது. 2007-லிருந்து தமிழ்நாட்டில் அது இல்லை. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத இடங்கள் தனியாக உண்டு. அந்த இடங்களில் சேருபவர்களின் கட்டணத்தை அரசே செலுத்துகிறது. நகராட்சிப் பள்ளியிலிருந்து நேராக இன்ஜினியரிங் கல்லூரிக்குப் போன முதல் பட்டதாரிப் பிள்ளைகள் இதனால் கூடியிருக்கிறார்கள். ‘முதல் பட்டதாரி’ என்றால் வீட்டில் அவர்களுக்கு முன் யாரும் கல்லூரிப் பட்டம் வாங்கியதில்லை என்று அர்த்தம்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே, பெங்களூரு நெடுஞ்சாலையில் பொன்னேரிக்கரையில், அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. அறிஞர் அண்ணா பிறந்ததும் காஞ்சிபுரத்தில்தான். அவர் பிறந்த நாள் செப்டம்பர் 15. நாடு முழுக்கப் பொறியாளர் தினம் கொண்டாடுவதும் அதே செப்டம்பர் 15-ல்தான்! அது விசுவேசுவரய்யாவின் பிறந்த நாளுக்காக. இரண்டும் ஒரே நாளில் அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் எங்கள் ஊர்க்காரர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்வோம்.

முதல் வாரத்தில் பாடம் அதிகம் இருக்காது. கல்லூரியைச் சுற்றிக் காட்டுவார்கள், பேசச் சொல்வார்கள், விளையாட விடுவார்கள். மூத்த மாணவர்கள் புதியவர்களைக் கேலி செய்து துன்புறுத்தினால் அது குற்றம். 1997-லேயே தமிழ்நாட்டில் அதற்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால், பல பிள்ளைகளைப் பயமுறுத்துவது மூத்த மாணவர்கள் அல்ல. ஆங்கிலம்தான்!

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்த ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் புலி. ‘வகைக்கெழு’ என்றால் நொடியில் போட்டுவிடும். பேராசிரியர் கரும்பலகைக்கு முன் நின்று ‘டெரிவேட்டிவ்’ என்கிறார். பிள்ளை விழிக்கிறது. ‘மேட்ரிக்ஸ்’ என்கிறார். இது ஏதோ புதுப் பாடம் போலிருக்கிறதே என்று நடுங்குகிறது. இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிகிறது, அட, இது நம் ‘அணிகள்’ பாடம்! ‘வெலாசிட்டி’ என்பது நம் ‘திசைவேகம்’! தெரிந்த ஆள்தான், வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். கெட்டிக்காரப் பிள்ளைகள் ஒரு நோட்டின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று எழுதி வைத்துக்கொள்கிறார்கள். முதல் மாதத்தில் அந்த நோட்டுதான் அவர்களுடைய உண்மையான பாடப்புத்தகம். சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழிலேயே படிக்கும் வகுப்புகளையும் அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் தொடங்கியது.

இதில் ஓர் ஆசிரியர் என்ற முறையில் எனக்குச் சின்ன வருத்தம் உண்டு. பள்ளியில் நாங்களே அந்த இரண்டு சொற்களையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் என்ன? பத்து நிமிட வேலை.

வகுப்பறையைவிடப் பிள்ளைகளுக்குப் பிடித்த இடம் ஒர்க் ஷாப். அங்கே காலில் ஷூவும், உடம்பை ஒட்டிய சட்டையும் கட்டாயம். முடி, துப்பட்டா எதுவும் தொங்கக் கூடாது; சுழலும் லேத் இழுத்துக்கொள்ளும். தகரத்தை வெட்டி, மடித்துச் சிறிய தட்டு செய்ய வேண்டும். இரண்டு இரும்புத் துண்டுகளை வெல்டிங்கில் ஒட்ட வேண்டும். தண்ணீர்க் குழாய் இணைப்பு, மரவேலை, ஒரே விளக்கை இரண்டு சுவிட்சால் இயக்கும் மாடிப்படி விளக்கு இணைப்பு எல்லாமே உண்டு. நேராக வெட்டியதாக நினைத்த தகரம், மடித்த பிறகுதான் கோணல் என்று காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது கம்ப்யூட்டர் வகுப்பு. பைத்தான் என்ற கணினி மொழியில் முதல் செமஸ்டர் மாணவர்கள் ‘புரோகிராம்’ எழுதப் பழகுகிறார்கள். புரோகிராம் என்றால் வேறொன்றுமில்லை. இயந்திரத்துக்கு வரிசையாகக் கொடுக்கும் கட்டளைகள். ‘இது உண்டு, இது இல்லை’ என்ற இரண்டே பதில்களை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் செய்கிறது.

இதைக் கேட்டதும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு ஏதாவது ஞாபகம் வர வேண்டும். ஏனென்றால், அதே வேலையைச் செய்யும் பெட்டி ஒன்று அதன் வீட்டுத் தறிக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது! அதுதான் ஜக்கார்டு பெட்டி.

பட்டுச் சேலையின் கரையில் மயில், அன்னம், ருத்ராட்சம், கோபுரம் எல்லாம் எப்படி வருகின்றன? நீளவாக்கில் இருப்பது பாவு நூல். குறுக்கே நாடா கொண்டு போவது ஊடை. ஊடை போகும்போது எந்தெந்தப் பாவு நூல் மேலே தூக்கி நிற்கிறது, எது கீழே கிடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் உருவம் வரும். மயிலின் கொண்டைக்கு ஒரு விதமாகத் தூக்க வேண்டும், கழுத்துக்கு வேறு விதமாக. இதற்கு முதலில் கட்டம் போட்ட தாளில் மயிலை வரைகிறார்கள். ஒவ்வொரு கட்டமும் நூல்கள் சந்திக்கும் ஓர் இடம். பிறகு அதைப் பார்த்து அட்டைகளில் ஓட்டை போடுகிறார்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் பெட்டியின் ஊசி உள்ளே நுழையும். அந்த ஊசிக்குரிய கொக்கி நூலைத் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி தடுக்கப்படும். நூல் கீழேயே இருக்கும். ஓர் அட்டை, ஓர் ஊடை. பிறகு அடுத்த அட்டை வந்து நிற்கும். நூற்றுக்கணக்கான அட்டைகளை வரிசையாகக் கயிற்றில் கோத்து மாலை போல் தொங்கவிட்டிருப்பார்கள். மயில் முழுவதும் அந்த மாலைக்குள் இருக்கிறது.

ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை. அவ்வளவுதான்!

இந்தப் பெட்டியை 1804-ல் உருவாக்கியவர் பிரான்சின் லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் மாரி ஜக்கார்டு. லியோனும் காஞ்சிபுரம் போலவே பட்டு ஊர். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தம்முடைய கணக்கு இயந்திரத்துக்குக் கட்டளை கொடுக்க அதே ஓட்டை அட்டையைப் பயன்படுத்தலாம் என்று திட்டமிட்டார். அமெரிக்காவில் 1890-ல் மக்கள்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹாலரித் ஓட்டை அட்டைகள் கொண்டு எண்ணினார். சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-ல் ஐ.பி.எம். 370 என்ற பெரிய கம்ப்யூட்டர் வந்தது. அப்போதெல்லாம் புரோகிராம் எழுதும் மாணவர் கையில் கட்டுக்கட்டாக அட்டைகள்தான் இருக்கும். கட்டு கீழே விழுந்து வரிசை மாறினால் அழுகைதான். இப்போது நிலைமை தலைகீழ். மின்னணு ஜக்கார்டு வந்த தறிகளில் அட்டையே இல்லை, டிசைன் கம்ப்யூட்டரிலிருந்து இறங்குகிறது.

ஜக்கார்டு பெட்டி வருவதற்கு முன் நூலைத் தூக்கியது யார் தெரியுமா? லியோனில், தறிக்குப் பக்கத்தில் நின்று கயிற்றை இழுக்கும் சிறுவர்கள். காஞ்சிபுரத்தில் ‘அடை’ என்று நூல்களைக் கட்டி வைத்து, ஓர் உதவியாள் தூக்கிக் கொடுப்பார்.

உதவியாள் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்களிடம் மறைப்பது சரியில்லை. காஞ்சிபுரம் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் பிரிக்க முடியாதபடி பின்னுவதற்குக் ‘கோர்வை’ என்று பெயர். அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள நெசவாளர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். அந்த இடத்தில் வெகுகாலம் உட்கார்ந்தது உங்கள் வயதுக் குழந்தைகள். எட்டு வயது, பத்து வயது. பெற்றோர் தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்காகக் குழந்தையை அனுப்பிவிடுவார்கள். கடன் தீரும் வரை பள்ளிக்கூடம் கிடையாது. 1990-களில்கூட இந்த ஊரில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இப்படித் தறியில் இருந்தார்கள். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், பெஞ்சில் பிள்ளை இருக்காது.

பிறகு அரசு அதிகாரிகளும் தொண்டு நிறுவனங்களும் தெருத் தெருவாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் கீழ்ச் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. படிப்பை விட்ட பிள்ளைகளுக்கு அங்கே முதலில் எழுத்தும் எண்ணும் பழக்கி, பின்பு வழக்கமான பள்ளியில் சேர்த்தார்கள். 2016-ல் திருத்திய சட்டப்படி 14 வயது நிறையாத குழந்தையை எந்த வேலைக்கும் அமர்த்தக் கூடாது. அன்று கரை நாடா தள்ளியவர்கள் இன்று நாற்பது வயதை நெருங்கும் அப்பா, அம்மாக்கள். பிள்ளை கொண்டுவரும் டிராஃப்டரை அவர்களில் சிலர் தொட்டுப் பார்த்துவிட்டுப் பத்திரமாகச் சுவரில் மாட்டி வைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794-ல் நில அளவை கற்பிக்கும் பள்ளியாக, எட்டு மாணவர்களோடு தொடங்கியது. அதில் 1940-ல்தான் முதல் பெண் சேர்ந்தார். அவர் அ. லலிதா. பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர், கையில் பெண் குழந்தை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்டவர்களை வீட்டு மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். அவரோ மின்பொறியியல் படிக்க விடுதிக்குப் போனார். அவரைத் தொடர்ந்து லீலம்மா ஜார்ஜ், தெரசியா என்ற இருவர் சிவில் படிப்பில் சேர்ந்தனர். பட்டச் சான்றிதழ் அச்சிட்டபோது ‘அவன்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்தான் அதில் இருந்தது. பெண் ஒருவர் வாங்குவார் என்று யாரும் நினைக்கவில்லை. அதைப் பேனாவால் அடித்து, ‘அவள்’ என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள்! தெரசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

மாலையில் பிள்ளைகள் வீடு திரும்ப ஆறு மணி ஆகிவிடும். ரெக்கார்டு நோட்டு, அசைன்மென்ட், மறுநாள் படம் என்று வேலை காத்திருக்கும். நெசவு வீடுகள் பலவற்றில் கூடம் முழுவதும் தறியே இருக்கும். வரைபலகை வைக்க இடம்? தறிக் குழிக்குப் பக்கத்தில் தரையில் விரித்துத்தான் வரைய வேண்டும். தறி அடிக்கும்போது தரை அதிரும், கோடு நடுங்கும். அப்பா நெசவை நிறுத்தினால் கூலி போச்சு. பிள்ளை வரைவதை நிறுத்தினால் மதிப்பெண் போச்சு. ஆகவே, அப்பா இரவுச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும் நேரம் பார்த்துப் பிள்ளை நீளக் கோடுகளையெல்லாம் போட்டுவிடும். குட்டிக் கோடுகள் பிறகு.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்று இரண்டாம் செமஸ்டருக்கு ஒரு பாடம் சேர்த்தார்கள். அதன் முதல் அலகில் சங்க கால நெசவுத் தொழில் இருக்கிறது. மற்ற ஊர்ப் பிள்ளைகள் புத்தகத்தில் தேடும் பாவையும் ஊடையையும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தலையைத் திருப்பினால் பார்த்துவிடலாம்.

காஞ்சிபுரம் வந்தால் கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். ஜக்கார்டு தறி உள்ள வீட்டில் கேட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பாருங்கள். பழைய டிசைன் அட்டை ஒன்று இருந்தால் கேளுங்கள், தருவார்கள். அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓட்டைகளை எண்ணுங்கள். எத்தனை நூல் மேலே போயிருக்கும், எத்தனை கீழே நின்றிருக்கும் என்று கண்டுபிடித்து விடலாம்.