சோடாவில் நனைந்த நட்சத்திரம்!

கதவைத் திறந்துகொண்டு கம்பீரமாக உள்ளே வந்தாள் பெக்கி. தன் நடிப்பைப் பார்த்து எல்லோரும் கண்ணீர் விடப்போகிறார்கள் என்பது அவள் எண்ணம்.

"புஸ்...!"

அவள் முகத்தில் சோடாத் தண்ணீர் பீச்சி அடித்தது! சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாவம், பெக்கி அழுதாள். அவள் வந்து சேர்ந்தது சிரிப்புப் படம் எடுக்கும் ஸ்டூடியோ. அது அவளுக்குத் தெரியாது!

1928-ம் ஆண்டில் வெளிவந்த "ஷோ பீப்பிள்" என்ற அமெரிக்கப் படத்தில் இந்தக் காட்சி வருகிறது. அது பேசாத படம். சினிமாக்காரர்களே சினிமா நட்சத்திரங்களைக் கேலி செய்து எடுத்த படம். டைரக்டர், கிங் விடார். பெக்கியாக நடித்தவர், மேரியன் டேவிஸ்.

பெயரும் மாறியது

பெக்கி, ஜார்ஜியா மாநிலத்துப் பெண். நடிகையாக வேண்டும் என்ற ஆசையோடு தகப்பனாருடன் காரில் ஹாலிவுட்டுக்கு வருகிறாள். பில்லி என்ற சிரிப்பு நடிகன் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுக்கிறான். அழுதவளைத் தேற்றுகிறான். இருவருக்கும் காதல் மலர்கிறது.

பெக்கியின் படம் வெற்றி பெறுகிறது. பெரிய ஸ்டூடியோ ஒன்று அவளை அழைத்துக் கொள்கிறது. உடனே "பெக்கி பெப்பர்" என்ற பெயர், "பட்ரீஷியா பெப்புவா" என்று மாறுகிறது! முயலைப் போல உதட்டைச் சுழித்துப் பேசுகிறாள். பழைய நண்பர்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பிரபு என்று சொல்லித் திரியும் ஒரு போலி ஆசாமியை மணக்கவும் சம்மதிக்கிறாள்.

சிரிப்புப் படத்தில் தொடங்கி, பெரிய நட்சத்திரமாகி, 1925-ல் பிரெஞ்சுப் பிரபு ஒருவரை மணந்தவர் நடிகை குளோரியா ஸ்வான்சன். கதை அவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று பலர் கூறுவது உண்டு.

யார் இந்தக் குள்ள மனிதர்?

படத்தில் ஒரு வேடிக்கை. குள்ளமான மனிதர் ஒருவர் பெக்கியிடம் கையெழுத்துக் கேட்கிறார். அவள் அலட்சியம் செய்கிறாள். "அவர் யார் தெரியுமா?" என்கிறான் பில்லி. விஷயம் தெரிந்ததும் பெக்கி மயங்கி விழுகிறாள். அவர் சார்லி சாப்ளின்! மீசையும் தொப்பியும் இல்லாததால் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

இன்னொரு இடத்தில், காரிலிருந்து இறங்கும் ஒரு நடிகையைப் பார்த்துப் பெக்கி முகம் சுளிக்கிறாள். அந்த நடிகை வேறு யாரும் அல்ல. மேரியன் டேவிஸேதான்!

அதிபரின் பிடிவாதம்

மேரியனுக்குச் சிரிப்பு நடிப்பு கைவந்த கலை. ஆனால் அவருடைய காதலர், பெரும் பத்திரிகை அதிபர் ஹர்ஸ்ட். மேரியன் கௌரவமான வேடங்களில் நடிக்க வேண்டும் என்பதே அவர் விருப்பம்.

பெக்கியின் முகத்தில் "பை" என்னும் பலகாரத்தை வீசி அடிப்பதாகத்தான் முதலில் திட்டம். ஹர்ஸ்ட் சம்மதிக்கவில்லை. பலகாரத்துக்குப் பதில் சோடாத் தண்ணீர் வந்த கதை இதுதான்!

1941-ல் "சிட்டிசன் கேன்" என்ற படம் வந்தது. அதில், பத்திரிகை அதிபர் ஒருவர், திறமை இல்லாத தம் மனைவியைப் பாடகியாக்கப் பாடுபடுகிறார். "அந்தப் பெண் மேரியன்தான்" என்று ஊர் பேசியது. அது தவறு என்று, அந்தப் படத்தை எடுத்த ஆர்சன் வெல்ஸே பின்னாளில் சொன்னார். மேரியன் மிகச் சிறந்த சிரிப்பு நடிகை என்றும் பாராட்டினார். ஆனால், மேரியன் 1961-லேயே காலமாகிவிட்டார்.

மீண்டும் சோடா!

கதையின் முடிவு என்ன? கல்யாண நாளன்று பில்லி வருகிறான். மணப்பெண்ணின் முகத்தில் மறுபடியும் சோடா! போலிப் பிரபுவின் முகத்தில் பலகாரம்! பெக்கிக்குப் புத்தி தெளிகிறது. பட்டப்பெயரை உதறிவிட்டுப் பழைய பெக்கியாகிறாள், பில்லியோடு சேருகிறாள்.

காப்பாற்ற வேண்டிய படங்களின் பட்டியலில், அமெரிக்க அரசின் நூலகம் 2003-ல் இந்தப் படத்தையும் சேர்த்தது. ஹர்ஸ்ட் பெரிதும் விரும்பிய கௌரவ வேடங்களை இன்று நினைப்பவர் சிலரே. முகத்தில் சோடா வழிய நின்ற மேரியனைத்தான் ரசிகர்கள் இன்றும் பார்த்துச் சிரிக்கிறார்கள்!