சக்கர நாற்காலியும் விளையாட்டுத் திடலும்

முதுகுத்தண்டில் காயமுற்று இரு கால்களும் செயலற்றுப்போன ஒருவருக்கு விளையாட்டு எதற்கு என்னும் கேள்வி கற்றோரிடையேயும் எழுவதுண்டு. அவருக்கு வேண்டியவை ஓய்வும் பராமரிப்புமே எனப் பலர் கருதுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. அசைவற்ற ஓய்வே அவருக்குப் பெரும் பகை. புனே நகரில் வாழ்ந்துவரும் வீரர் ஒருவரின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

குத்துச்சண்டையிலிருந்து நீச்சலுக்கு

திரு. முரளிகாந்த் பேட்கர் 1944ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் பிறந்தவர். இந்திய ராணுவத்தில் பணியாற்றியபோது குத்துச்சண்டையில் தேர்ச்சி பெற்றார். 1965ஆம் ஆண்டுப் போரில் அவர் உடலிற் பல குண்டுகள் பாய்ந்தன. அவற்றுள் ஒன்று முதுகுத்தண்டில் தங்கியது. இடுப்பிற்குக் கீழே உடல் செயலிழந்தது. பம்பாயிலுள்ள கடற்படை மருத்துவமனையில் இருந்த காலத்தில், சிகிச்சையின் ஒரு பகுதியாகவே அவர் நீச்சலை மேற்கொண்டார்.

1968ஆம் ஆண்டில் டெல் அவிவ் நகரில் நடைபெற்ற பாராலிம்பிக் போட்டிகளில் இந்தியா முதன்முறையாகக் கலந்துகொண்டது. அங்கே பேட்கர் மேஜைப்பந்து ஆடினார். 1972ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலை 37.33 விநாடிகளில் முடித்து, உலக சாதனையுடன் தங்கப் பதக்கம் வென்றார். ஒலிம்பிக், பாராலிம்பிக் ஆகிய இரண்டிலும் தனிநபர் போட்டியில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் தங்கம் அதுவே. ஆயினும் பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைய 2018ஆம் ஆண்டுவரை, அதாவது 46 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது.

தண்டுவடம் அறுபட்டால் நேர்வது யாது?

மின்கம்பி ஓரிடத்தில் அறுபட்டால் அதற்கு அப்பாலுள்ள வீடுகள் அனைத்தும் இருளடைகின்றன. வீடுகளிற் பழுது ஏதுமில்லை. தண்டுவடக் காயமும் இத்தன்மையதே. கால்களின் தசையும் எலும்பும் குறையின்றி இருப்பினும், மூளையின் கட்டளை அவற்றைச் சென்றடைவதில்லை; அவற்றின் உணர்ச்சியும் மூளைக்கு எட்டுவதில்லை. சிறுநீர்ப்பையின் கட்டுப்பாடும் குலைகிறது. காயம் எவ்வளவு உயரத்தில் உள்ளதோ, இழப்பும் அவ்வளவு பெரிது.

நாம் அமர்ந்திருக்கையில் நம்மையறியாமலே அடிக்கடி அசைந்துகொள்கிறோம். உணர்ச்சி இழந்தவருக்கு அவ்வெச்சரிக்கை கிட்டுவதில்லை. ஒரே இடம் நெடுநேரம் அழுந்தினால் அங்கே இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் புண் உண்டாகிறது. இப்புண்களாலும் சிறுநீர்த் தொற்றாலும் முற்காலத்தில் இத்தகைய நோயாளிகளுட் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் மாண்டனர்.

இந்நிலையை மாற்றியவருள் முதன்மையானவர் டாக்டர் லுட்விக் குட்மன் ஆவார். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944ஆம் ஆண்டு முதல் அவர் நோயாளிகளைக் குறித்த நேரத்தில் புரட்டிப் படுக்கவைத்தார்; விளையாட்டையும் சிகிச்சையாக்கினார். 1948ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் அங்கே நடைபெற்ற வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டோர் 16 பேரே. 1960ஆம் ஆண்டில் ரோம் நகரில் நடந்த போட்டிகளில் 23 நாடுகளைச் சேர்ந்த சுமார் 400 பேர் பங்கேற்றனர்.

விளையாட்டின் பயன்

கால்களின் வேலையையும் கைகளே செய்ய வேண்டியவருக்குத் தோள்வலிமை இன்றியமையாதது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதும், இருக்கையிலிருந்து உடலை உயர்த்திப் புண் வராமற் காப்பதும் அவ்வலிமையினாலேயே இயலும். விளையாட்டு அதனை வளர்க்கிறது. உடற்சமநிலையையும் மூச்சுத் திறனையும் பெருக்குகிறது. நீச்சலில் தண்ணீரே உடற்பாரத்தைத் தாங்குவதால், தரையில் இயலாத இயக்கங்களும் எளிதாகின்றன.

கூடைப்பந்துக்குரிய நாற்காலியின் சக்கரங்கள் மேலே நெருங்கியும் கீழே அகன்றும் சாய்ந்திருக்கும். இதனால் நாற்காலி எளிதிற் கவிழாது, விரைந்து திரும்பும். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் அவர் இயங்கும் திறனுக்கேற்ப 1 முதல் 4.5 வரை புள்ளி வழங்கப்படும். களத்திலுள்ள ஐவரின் புள்ளிகள் கூடி 14ஐ மிஞ்சலாகாது. ஆகவே மிகுந்த குறைபாடுடையவரும் அணிக்குத் தேவைப்படுகிறார்.

புனேயின் கட்கிப் பகுதியில், தண்டுவடக் காயமுற்ற படைவீரர்களுக்கான புனர்வாழ்வு நிலையம் 1974ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அங்கும் சக்கர நாற்காலி விளையாட்டுகள் அன்றாட வாழ்வில் இடம் பெற்றுள்ளன.

கவனிக்க வேண்டியவை

காயத்திற்குக் கீழே வியர்வை சுரப்பது குன்றுவதால் உடல் விரைவிற் சூடேறும். நிழல், குடிநீர், ஈரத்துணி ஆகியவை அருகில் இருத்தல் வேண்டும். 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை இருக்கையிலிருந்து உடலை உயர்த்திக்கொள்ளச் செய்க. ஆட்டம் முடிந்ததும் தோலைப் பார்வையிடுதல் நலம். கண்ணுக்கு எட்டாத இடத்திற்குக் கண்ணாடி உதவும். நீச்சற்குளத்தின் ஓரத்தில் பாய் விரித்தல் வேண்டும். கல் உராய்ந்து தோல் கிழிந்தாலும் அவர் அறியார்.

மார்பின் மேற்பகுதியிலோ கழுத்திலோ தண்டுவடக் காயமுற்றவருக்குத் திடீரெனக் கடுந்தலைவலி, முகம் சிவத்தல், வியர்த்தல் ஆகியவை தோன்றினால் அது ஆபத்தின் அறிகுறி. பெரும்பாலும் சிறுநீர்ப்பை நிரம்பியதாலோ குழாய் அடைபட்டதாலோ இரத்த அழுத்தம் ஏறியிருக்கும். அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர் வெளியேற வழிசெய்து, உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல்

சக்கர நாற்காலியிலுள்ள மாணவனிடம் புள்ளி குறிக்கும் ஏட்டைக் கொடுத்து, திடலின் ஓரத்தில் அமர்த்திவிடுவது பள்ளிகளில் காணப்படும் வழக்கம். இரக்கத்தினாற் செய்யப்படினும் இது அவனுக்குத் தீங்கே. விளையாட்டில் மாற்றுத்திறனாளிகள் முறையாகப் பங்குபெற அரசு ஆவன செய்ய வேண்டும் என 2016ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு விதிக்கிறது. இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. கெட்டித்த சமதரையும் ஒரு பந்தும் இருந்தாலே தொடங்கலாம். மேஜைப்பந்திலோ விதிகள் பெரிதும் மாறுவதில்லை. முதலடியிற் பந்து எதிராளியின் பக்கவாட்டில் வெளியேறினால் மீண்டும் அடிக்க வேண்டும் என்பது போன்ற சில மாற்றங்களே உண்டு.

மருத்துவரைக் கலந்துகொண்டு, மாணவன் எதைச் செய்யக்கூடும் என்று அவனிடமே கேட்டறிந்து, அடுத்த விளையாட்டு நேரத்திலேயே அவனைத் திடலுக்குள் அழைத்துச் செல்லுங்கள். பேட்கர் நீரில் இறங்கியது பதக்கத்தை நாடி அன்று, உடல் தேறும்பொருட்டே. பதக்கம் எல்லோருக்கும் கிட்டாது. உடல் தேறும் வாய்ப்பு எல்லோருக்கும் உரியது.