அக்கரைத் தேர்தல்

உடன்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் 'பிரசிடெண்டு' என்றால் அன்றும் இன்றும் ஊராட்சித் தலைவர்தான். டில்லியில் இருப்பவர் குடியரசுத் தலைவர். 'ஜனாதிபதி' என்று ஒருவர் சொன்னால், எங்கள் தெருவில் அது கொழும்பில் இருப்பவரைக் குறித்தது. இலங்கை வானொலி பழக்கிவைத்த சொல் அது. சென்னை நிலையம் கரகரக்கும். கொழும்போ பக்கத்து வீட்டில் பேசுவது போலக் கேட்கும்.

1982 அக்டோபர் 20 அன்று அந்த நாட்டு மக்கள் முதன்முறையாக ஜனாதிபதியை நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றிரவு எங்கள் தெருவில் ரேடியோ உள்ள வீட்டுத் திண்ணைகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டுக்காக உட்கார்ந்தவர்கள் இல்லை. மாவட்டம் மாவட்டமாக வாக்கு எண்ணிக்கை வாசிக்கப்பட, ஒருவர் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தார். உடன்குடி, குலசேகரன்பட்டினம், காயல்பட்டினம் பக்கத்தில், கொழும்பு புறக்கோட்டையில் கடை வைத்திருந்தவர்களும், பிறர் கடையில் நின்று சம்பாதித்து வந்தவர்களும் பல வீடுகளில் இருந்தார்கள். யார் வந்தால் எந்தச் சரக்குக்குத் தடை வரும், எது திறந்துவிடப்படும் என்பது அவர்களுக்கு வயிற்றுப்பாட்டுக் கேள்வி.

ஏற்கெனவே பதவியில் இருந்த ஜே.ஆர். ஜெயவர்த்தனா 52.91 விழுக்காடு பெற்று வென்றார். ஹெக்டர் கொப்பேகடுவாவுக்கு 39.07. அன்றிருந்த 22 தேர்தல் மாவட்டங்களில் 21 ஜே.ஆருக்குப் போயின, யாழ்ப்பாணம் மட்டும் போகவில்லை. அங்கே குமார் பொன்னம்பலம் முதலில் வந்தார், கொப்பேகடுவா இரண்டாவதாக. சிங்களத் தலைவர் ஒருவருக்கு யாழ்ப்பாணத்தில் அத்தனை ஓட்டு எப்படி என்று கேட்ட சின்னப் பையன்களுக்குத் திண்ணையில் பதில் கிடைத்தது: வெங்காயமும் வத்தலும். 1970 முதல் 1977 வரை அவர் விவசாய அமைச்சராக இருந்த ஆட்சி அவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால் யாழ்ப்பாணத்து விவசாயிகள் தலை நிமிர்ந்தார்கள். அதே கட்டுப்பாட்டில் இக்கரை வியாபாரிகள் கையைப் பிசைந்தார்கள். ஒரே சட்டத்தின் இரண்டு பக்கங்களையும் அறிந்தவர்கள் அந்தத் திண்ணையில் இருந்தார்கள்.

அந்தப் பதவி, ஏறியவர் எளிதில் இறங்காதபடி கட்டப்பட்டிருந்தது. ஆறாண்டுப் பதவிக்காலம், இரண்டு முறைக்கு மேல் இல்லை என்ற வரம்பு எழுத்தில் இருந்தது. ஆனால் 1982 தேர்தலுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் பறிக்கப்பட்டன; அவர் நிற்க முடியவில்லை. தேர்தலை ஜே.ஆர். தமக்கு வசதியான நேரத்தில் முன்கூட்டியே நடத்த அரசியலமைப்பு திருத்தப்பட்டது. வென்ற இரண்டே மாதத்தில், நாடாளுமன்றத் தேர்தலையே நடத்தாமல் இருக்க ஒரு பொதுவாக்கெடுப்பும் வந்தது. அடுத்த ஜூலையில் கொழும்பில் தமிழர் கடைகள் எரிந்தன. காலண்டர் தாளில் கணக்கு எழுதியவர் அதற்குப் பிறகு கொழும்புக்குப் போகவே இல்லை.

பதவிக்கு வந்த, பதவியை விட்டுப் போன விதங்களைச் சொன்னாலே அந்த நாட்டின் கதை வந்துவிடும். ஜே.ஆர். இரண்டு முறை முடித்து, 82 வயதில், 1989 ஜனவரியில் இறங்கினார். அவருக்குப் பின் வந்த பிரேமதாசா 1993 மே தின ஊர்வலத்தில் குண்டுக்குப் பலியானார். ஜனாதிபதி சந்திரிகாவின் மறுதேர்தல், அவர் ஒரு கண்ணின் பார்வையை இழந்த குண்டுவெடிப்பு நடந்த மூன்றாம் நாளில். மகிந்த ராஜபக்ச 2010-இல் 57.88 விழுக்காட்டோடு மீண்டும் வென்றார். அந்த ஆண்டே இரண்டு முறை என்ற வரம்பை நீக்கினார். வரம்பு போயிற்று, மூன்றாவது வெற்றி வரவில்லை. 2015 ஜனவரி 9 விடியலில், முடிவுகள் முழுதும் வருமுன்பே அலரி மாளிகையை விட்டுக் கிளம்பினார். வரம்பும் அதே ஆண்டில் திரும்பி வந்தது. அவர் தம்பி கோட்டாபய 2022 ஜூலையில் இராணுவ விமானத்தில் மாலத்தீவுக்குப் போய், சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சலில் ராஜினாமா அனுப்பினார்.

1982-இல் ஆறு வேட்பாளர்கள். 2024 செப்டம்பர் 21 அன்று சீட்டில் 39 பெயர்கள். விரித்தால் இரண்டடிக்கு மேல். 1982-இல் ஜே.வி.பி.யின் ரோகண விஜேவீர பெற்றது 4.19 விழுக்காடு, மறு ஆண்டு அந்தக் கட்சி தடை செய்யப்பட்டது, 1989-இல் அவர் கொல்லப்பட்டார். அதே கட்சியின் இன்றைய தலைவர் அநுர குமார திசாநாயக்க 2019-இல் 3.16, ஐந்தே ஆண்டில் 42.31. பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்காததால், சட்டத்தில் தொடக்கம் முதலே இருந்தும் தேவைப்படாத இரண்டாம் விருப்பு வாக்குகள் முதன்முறையாக எண்ணப்பட்டன. யாழ்ப்பாணத்தில் சஜித் பிரேமதாச முதலில், தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் இரண்டாவதாக. அதுவரை ஜனாதிபதியாக இருந்து தோற்ற ரணில் அமைதியாகப் போனார். முன்னாள் ஜனாதிபதிகளுக்கு அரசு வீடு இல்லை என்று 2025 செப்டம்பரில் சட்டம் வந்ததும், மகிந்த விஜேராம வீதி வீட்டைக் காலி செய்தார்.

இதெல்லாம் எங்கள் ஊருக்கும் வந்தது, தொலைபேசித் திரையில், நொடிக்கு நொடி. கொழும்பு வானொலிக்காகக் காத்திருந்த காலத்தில் கேட்டதைவிட எவ்வளவோ துல்லியமாக. ஆனால் எந்தத் திண்ணையிலும் யாரும் எழுதிக்கொள்ளவில்லை. நியாயம்தான், பலருக்கு அங்கே கடையும் இல்லை, கடன் பாக்கியும் இல்லை. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 2011 ஜூனில் பயணிகள் கப்பல் விட்டார்கள். ஏற ஆள் போதாமல் சில மாதங்களில் நின்றது.

ஒரு காலத்தில் குலசேகரன்பட்டினத்துத் துறைக்கு இருந்த பெருமை, அங்கிருந்து இலங்கை பக்கம் என்பது. இன்று அங்கே ராக்கெட் ஏவுதளம் எழுகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். தெற்கே செல்லும் ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பினால் இலங்கைக்கு மேலே பறக்காமல் வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்து அந்த வளைவு தேவையில்லை. இலங்கைக்குப் போக வசதியாக இருந்த இடம், இலங்கையைத் தொடாமல் போக வசதியான இடமாகிவிட்டது.

நம் நாட்டில் குடியரசுத் தலைவர் எத்தனை முறையும் நிற்கலாம், வரம்பே கிடையாது. ஆனாலும் இருமுறை தேர்ந்தெடுக்கப்பட்டவர் ராஜேந்திர பிரசாத் ஒருவர்தான். வரம்பு வைத்த நாட்டில் அதைத் தாண்டும் ஆசை, வைக்காத நாட்டில் ஒரு கூச்சம். அதிகாரம் இருக்கிற நாற்காலிக்கும் இல்லாத நாற்காலிக்கும் உள்ள வித்தியாசம் என்றும் சொல்லலாம்.

எங்கள் பக்கத்து பிரசிடெண்டுகளும் எத்தனை முறையும் நிற்கலாம். 2019 டிசம்பர் தேர்தலில் வென்ற அவர்களின் ஐந்தாண்டு 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அதற்குள் அடுத்த தேர்தல் நடக்கவில்லை. அவர்கள் இறங்கிய நாற்காலிகளுக்குத் தனி அலுவலர்கள் வந்தார்கள்.