தாய்முயல் குட்டிகளைக் கைவிடுவதில்லை

குரோய்டன், தோர்ண்டன் ஹீத், நோர்பரி ஆகிய பகுதிகளில் வாழும் எமது மக்களின் வீட்டுப் பின்வளவுகளில், மிளகாய்ச் சாடிகளுக்கும் பிள்ளைகளின் சைக்கிள்களுக்கும் நடுவே முயற்கூடுகளையும் இன்று காண முடிகின்றது. நாய் வளர்ப்பதற்கு வீட்டுச் சொந்தக்காரர் இலகுவில் அனுமதிப்பதில்லை. முயலோ சத்தமிடாத பிராணி. சிறிய இடம் போதும் என்ற எண்ணத்தில் பெற்றோர் பிள்ளைகளின் வற்புறுத்தலுக்கு இணங்கிவிடுகின்றனர். ஆனால் அதனைப் பற்றி எதுவும் அறியாமலே வாங்கிவிடுகின்றோம் என்பதுதான் உண்மை. இதனை எமது சொந்த அனுபவத்திலிருந்தே கூறுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது வீட்டுக்கும் இரண்டு முயல்கள் வந்து சேர்ந்தன. இரண்டும் பெண் என விற்றவர் உறுதி கூறினார். மூன்று மாதங்கள் கழிந்து, பங்குனி மாதக் குளிர்க் காலையொன்றில் உணவு வைக்கச் சென்ற மகள், கூட்டின் மூலையில் உரோமக் குவியலொன்று அசைவதைக் கண்டு ஓடிவந்தாள். உரோமத்தை விலக்கிப் பார்த்தபோது ஆறு குட்டிகள் இருந்தன. மயிரில்லை, கண் திறக்கவில்லை. ஒவ்வொன்றும் பெருவிரலை விடச் சற்றே பெரியது.

அன்று பகல் முழுவதும் யன்னலருகே நின்று பார்த்தோம். தாய்முயல் குட்டிகளின் பக்கமே செல்லவில்லை. மறு மூலையில் இருந்து புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. 'தாய் கைவிட்டுவிட்டது' என்று அம்மம்மா கூறினார். நாமும் அவ்வாறே நம்பினோம். குட்டிகளைச் சப்பாத்துப் பெட்டியொன்றில் இட்டு, ஹீற்றருக்கு அருகில் வைத்து, பிள்ளைகளுக்கு மருந்து ஊட்டும் சிறு குழாயினால் பசுப்பால் ஊட்டினோம். விடியும்போது இரண்டு குட்டிகள் இறந்து கிடந்தன.

மிருக வைத்தியர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. எஞ்சிய நான்கையும் உடனே கூட்டில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள் என்று மட்டும் கூறினார். அவ்வாறே செய்தோம். அடுத்த நாட்காலை நான்கு குட்டிகளின் வயிறுகளும் உருண்டு திரண்டிருந்தன. நாம் உறங்கிய வேளையில் தாய் வந்து பால் கொடுத்துச் சென்றிருந்தது.

ஊரில் நாம் அறிந்த முயல் வேறு

எமது தவறுக்குக் காரணம் அன்பின்மை அன்று, அறியாமையே. வன்னிப் பற்றைகளில் நாம் கண்ட முயலும் இங்கு கூட்டில் வளரும் முயலும் ஒரே பெயரால் அழைக்கப்படினும் இரண்டும் வெவ்வேறு இனங்கள். ஊர் முயல் கழுத்தின் பின்புறம் கருமை படிந்த காட்டு முயல். அது வளை தோண்டுவதில்லை. அதன் குட்டிகள் உரோமத்துடனும் திறந்த கண்களுடனும் பிறக்கின்றன.

வீட்டு முயலின் மூதாதையரோ ஸ்பெயின், போர்த்துக்கல் நாடுகளின் வளை முயல்கள். 12ஆம் நூற்றாண்டளவில் நோர்மானியர் அவற்றை இறைச்சிக்கும் தோலுக்கும் இங்கிலாந்தில் வளர்க்கத் தொடங்கினர். வளைக்குள் பிறக்கும் குட்டிக்குக் கண்ணும் காதும் உடனே தேவைப்படுவதில்லை. முதல் வாரத்தில் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றலும் அதற்கில்லை. தாய் தனது மார்பிலும் வயிற்றிலும் இருந்து பிடுங்கி இட்ட உரோமமும், உடன்பிறந்தவற்றின் நெருக்கமுமே அதன் போர்வையாகும்.

ஐந்து நிமிடப் பால்

தாய்முயல் ஒரு நாளில் ஒரு தடவை, சிலவேளை இரு தடவை மட்டுமே பால் கொடுக்கின்றது. அதுவும் பெரும்பாலும் இரவிலோ விடியற்புறத்திலோ, மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் மாத்திரமே. அந்தப் பால் பசுப்பாலைவிடப் பன்மடங்கு கொழுப்பும் புரதமும் செறிந்தது. ஆதலால் ஒரு தடவை அருந்தியது ஒரு நாளுக்குப் போதுமானதாகின்றது.

எஞ்சிய நேரமெல்லாம் தாய் ஏன் விலகி நிற்கின்றது? நரியும் கீரியினத்தை ஒத்த மரநாயும் தாயின் நடமாட்டத்தையும் மணத்தையும் கொண்டே குட்டிகளின் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்கின்றன. தாய் அருகில் இராதிருப்பதே குட்டிகளுக்குப் பாதுகாப்பு. நாம் கைவிடல் என்று கண்டது உண்மையில் காவலே.

செய்ய வேண்டியவை

முயலின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 31 நாட்கள். வாயில் உலர்புல்லைக் கவ்விக்கொண்டு திரிவதும், தன் உரோமத்தைப் பிடுங்குவதும் பிரசவம் நெருங்கியதன் அறிகுறிகள். அப்போது தாய் உள்ளே திரும்பக்கூடிய அளவில் ஒரு மரப்பெட்டியில் உலர்புல் நிரப்பி வைக்க வேண்டும்.

பிரசவத்தின் பின் நாளுக்கு ஒரு தடவை மட்டும் கூட்டைப் பார்த்தால் போதும். கைகளைக் கழுவி, தாய் படுத்த புல்லில் தேய்த்துக்கொண்டு, உரோமத்தை மெதுவாக விலக்கிப் பார்க்கலாம். வயிறு உருண்டிருந்தால் பால் கிடைத்துள்ளது. தோல் சுருங்கி, வயிறு ஒட்டி, குட்டி ஓயாது அங்குமிங்கும் ஊர்ந்தால், அல்லது குட்டிகள் குளிர்ந்து கிடந்தால் மிருக வைத்தியரை உடனே நாட வேண்டும். இறந்த குட்டி இருப்பின் அகற்றிவிட வேண்டும். கூட்டுக்கு வெளியே விழுந்த குட்டியைத் தாய் கவ்விச் செல்வதில்லை. அதனைக் கையால் சூடேற்றி நாமே திரும்ப வைக்க வேண்டும். பசுப்பால் ஊட்டுதல் கூடவே கூடாது.

பத்து முதல் பன்னிரண்டு நாட்களில் கண் திறக்கும். மூன்றாம் வாரத்தில் குட்டிகள் வெளியே வந்து உலர்புல்லைக் கடிக்கத் தொடங்கும். எட்டு வாரங்கள் வரையில் தாயிடமிருந்து பிரிக்காதிருத்தல் நன்று.

தாய்க்கு உலர்புல்லும் தண்ணீரும் எந்நேரமும் குறைவின்றி இருக்க வேண்டும். எமது சமையலறையில் எஞ்சும் கொத்தமல்லித் தண்டு முயலுக்கு நல்லது. வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஆகாது. கரட் அதனது அன்றாட உணவு என்பது தவறான நம்பிக்கை. அதில் சீனி அதிகம். தாயின் முலைகள் சிவந்து, சூடாகி, கட்டிபட்டிருந்தாலோ, அரை நாள் வரை அது எதுவும் உண்ணாதிருந்தாலோ வைத்தியரிடம் செல்லத் தாமதிக்கலாகாது.

இன்னொரு விடயமும் உண்டு. குட்டி ஈன்ற சில மணி நேரத்திலேயே பெண் முயல் மீண்டும் கருத்தரிக்கக்கூடும். ஆகவே ஆண் முயலை அன்றே வேறாக்க வேண்டும். அதற்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்த பின்னரும் ஆறு வாரங்கள் வரை பிரித்தே வைத்திருத்தல் அவசியம். குட்டிகளிலும் ஆண்களைப் பத்து முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் பிரித்துவிட வேண்டும்.

குரோய்டன் நரிகள்

குரோய்டனில் வாழ்வோர்க்குக் கூடுதலான ஓர் எச்சரிக்கை. 2014ஆம் ஆண்டு தொடக்கம் இப்பகுதியில் பூனைகளும் சில முயல்களும் உடல் சிதைந்து கிடந்தபோது, 'குரோய்டன் பூனைக் கொலைஞன்' என்றொரு மனிதன் உலவுவதாகப் பத்திரிகைகள் எழுதின. பொலிசார் நீண்ட விசாரணை நடத்தி, மனிதரின் கைவரிசை எதுவுமில்லை. வாகனங்களில் அடிபட்ட பூனைகளை நரிகளே சிதைத்துள்ளன என 2018 செப்டெம்பரில் அறிவித்தனர். 32 பூனைகளின் உடல்களை ஆராய்ந்த அரச மிருக வைத்தியக் கல்லூரியினரும் 2021இல் அதனையே உறுதிப்படுத்தினர். கொலைஞன் கற்பனை, நரி உண்மை. கோழிக்கூட்டுக்கு அடிக்கும் மெல்லிய கம்பிவலையை நரி கடித்துப் பிய்த்துவிடும். பற்றவைத்த தடித்த கம்பிவலையும், உறுதியான தாழ்ப்பாளும் இன்றியமையாதவை.

நோய்களும் உள்ளன. மிக்சோமடோசிஸ் என்னும் நோய் 1953இல் இந்நாட்டில் புகுந்து காட்டு முயல்களை ஏறக்குறைய முற்றாகவே அழித்தது. அதற்கும், முயல்களைத் தாக்கும் குருதிப்பெருக்கு நோய்க்கும் ஐந்து வார வயதிலிருந்தே தடுப்பூசி போடலாம். வைத்தியச் செலவு குறைந்ததன்று. அரச உதவிப் பணம் பெறுவோர், 1917இல் மரியா டிக்கின் அம்மையார் கிழக்கு இலண்டனில் ஏழைகளின் பிராணிகளுக்காக ஆரம்பித்த பீ.டீ.எஸ்.ஏ. நிறுவனத்தின் இலவச அல்லது குறைந்த கட்டணச் சேவைக்குத் தாம் தகுதியுடையவரா என விசாரித்தறியலாம்.

வாங்குவதற்கு முன்னர்

2006ஆம் ஆண்டின் பிராணிகள் நலச் சட்டத்தின்படி வளர்ப்புப் பிராணிக்குரிய உணவும் உறைவிடமும் வைத்தியமும் வளர்ப்பவரின் கடமையாகும். அச்சட்டத்துக்கு அஞ்சி மட்டும் இதனை எழுதவில்லை. முயல் வாங்கிய கிழமையிலேயே மிருக வைத்தியரிடம் காட்டி, ஆணா பெண்ணா என உறுதிசெய்துகொண்டிருந்தால், அந்த இரண்டு குட்டிகளும் எமது கையில் இறந்திருக்கமாட்டா.

எஞ்சிய நான்கும் நன்கு வளர்ந்தன. இரவுப் பணிக்குச் செல்லும் தாய்மார் பலர் உள்ள வீதி எமது வீதி. தாய்முயல் இரவில் மட்டும் வருவதன் காரணத்தை நாம் மகளுக்கு விளக்கியபோது, அவளுக்கு அது புதுமையாகத் தோன்றவில்லை. அம்மம்மா மட்டும் நெடுநாள் வரை காலையில் எழுந்ததும் முதலில் கூட்டடிக்கே சென்றார். குட்டிகளைத் தொடமாட்டார். வயிறு உருண்டிருக்கின்றதா என்று மட்டும் பார்த்துத் திரும்புவார்.