உம்ராப் பயணிக்கு ஒரு கட்டுச்சோறு

உம்ராவுக்குப் புறப்படும் பெரியவர் ஒருவரை வழியனுப்ப விமான நிலையம் சென்றவர்கள் அந்தக் காட்சியை மறக்க மாட்டார்கள். ஸலாம் கூறிக் கைபற்றுவோர் ஒருபுறம்; தமக்காக துஆச் செய்யும்படி வேண்டிக் கண்கலங்குவோர் மறுபுறம். ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் பயணச் சீட்டாகவும் தங்குமிட வாடகையாகவும் மாறிவிட்ட நேரம் அது. அந்த நேரத்தில், புயல் காரணமாக விமானம் புறப்படாது என்று ஓர் அறிவிப்பு வந்தால் என்ன செய்வது?

“அல்லாஹ் விட்ட வழி” என்று சொல்லி அமர்ந்துவிடுவதே ஈமானுக்கு அழகு என்று எண்ணுவோர் நம்மில் உண்டு. பொறுமை வேண்டியதுதான். ஆயினும் முன்னேற்பாட்டைக் கைவிடுவது பொறுமையாகிவிடாது.

முற்காலத்தில் யமன் நாட்டார் சிலர் வழிக்கு உணவு ஏதும் எடுத்துக்கொள்ளாமல் ஹஜ்ஜுக்கு வருவார்கள். தாங்கள் இறைவனையே நம்பி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். மக்கா வந்து சேர்ந்ததும் பிறரிடம் கையேந்துவார்கள். வழிக்கு வேண்டியதைச் சேகரித்துக்கொள்ளுமாறு பணிக்கும் திருமறை வசனம் (2:197) இவர்களைக் குறித்தே இறங்கியது என இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு தோழருக்கு அறிவுறுத்திய செய்தி திர்மிதீயில் உள்ளது. கட்டுச்சோறு கட்டுவது தவக்குலுக்கு மாறானதன்று. அதன் முதற்படியே அதுதான்.

இரு கரையிலும் மழை

பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறையை ஒட்டி டிசம்பரில் குடும்பத்தோடு உம்ரா செல்வோர் பலர். தமிழகக் கரையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் காலம் அது. வறண்ட பூமி எனக் கருதப்படும் ஜித்தாவிலும் பெருமழை பெய்தால் பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரிக்குள்தான் பெய்கிறது. ஆக, புறப்படும் ஊரிலும் போய்ச் சேரும் ஊரிலும் ஒரே பருவத்தில் வானம் கறுக்கிறது.

2015 டிசம்பரில் சென்னை விமான நிலைய ஓடுபாதை வெள்ளத்தில் மூழ்கி, நிலையம் சில நாட்கள் மூடிக் கிடந்தது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானங்கள் இயக்கப்பட்டன. 2023 டிசம்பர் 4-ஆம் நாள் மிக்ஜாம் புயலாலும், 2024 நவம்பர் 30-ஆம் நாள் ஃபெங்கல் புயலாலும் நிலையம் மீண்டும் மூடப்பட்டது. 2022 நவம்பர் 24-ஆம் நாள் ஜித்தாவில் பெய்த பெருமழையில் விமானங்கள் தாமதமாயின. மக்கா செல்லும் சாலையும் சிறிது நேரம் அடைக்கப்பட்டது. நம்மவர்கள் விமானம் மாறும் துபாயோ, 2024 ஏப்ரல் 16-ஆம் நாள் 1949 முதல் உள்ள பதிவேடுகள் காணாத மழையைக் கண்டது. நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு வாரங்கூட ஆகாத நாள் அது. ஆயிரக்கணக்கான பயணிகள் நாட்கணக்கில் நிலையத்திலேயே காத்துக் கிடந்தனர்.

வயது முதிர்ந்த ஒரு தாய் அந்தக் கூட்டத்தில் இருந்தால் அவர் நிலை என்ன? இன்சுலின் பெட்டி சாமான்களோடு எங்கோ கிடக்கும். கையிலிருந்த ரியால்கள் தீர்ந்திருக்கும். அப்போது அவருக்குத் தேவைப்படுவது ஒரு வேளை உணவும், ஓர் இரவு தலைசாய்க்க இடமும், அவற்றுக்கான பணமும் அல்லவா?

யார் கொடுப்பார்கள்?

விமான நிறுவனம் கொடுத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். விமானம் ரத்தானால் சீட்டுப் பணத்தைத் திருப்பித் தரவேண்டும், அல்லது வேறு விமானத்தில் இடம் தரவேண்டும். ஆனால் மழை, புயல், மூடுபனி போன்று நிறுவனத்தின் கைக்கு அடங்காத காரணத்தால் நேர்ந்த தாமதத்துக்கு நம் நாட்டு விதிகளின்படி இழப்பீடு தரவேண்டிய கடமை அதற்கில்லை. மக்காவில் வீணாகும் அறை வாடகையும், தனியே வாங்கிய இணைப்பு விமானச் சீட்டும் நம் தலையில்தான் விழும்.

உம்ரா விசாவுடன் காப்பீடு சேர்ந்தே வருகிறதே எனச் சிலர் கேட்கலாம். அது ஸவூதி மண்ணில் இருக்கும் காலத்துக்கானது. சென்னைப் புயலுக்கோ துபாய் மழைக்கோ அதை நம்பியிருத்தல் ஆகாது.

பத்திரத்தில் பார்க்க வேண்டியவை

தனியே பயணக் காப்பீடு எடுப்போர் விலையை மட்டும் பார்த்து எடுத்துவிடலாகாது. முதலாவதாக, தாமதத்துக்கான காரணங்களில் “மோசமான வானிலை” என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். அடுத்து, எத்தனை மணி நேரம் தாமதமானால் பணம் கிடைக்கும் என்பது. ஆறு மணி நேரம் என்பதும் உண்டு. பன்னிரண்டு என்பதும் உண்டு. பன்னிரண்டு என்றிருந்தால் பதினொரு மணி நேரம் காத்திருந்தவருக்கு ஒரு காசும் இல்லை.

சில பத்திரங்கள் இந்தியாவுக்கு வெளியே நேரும் தாமதத்தை மட்டுமே ஏற்கும். சென்னையிலேயே விமானம் நின்றுவிட்டால் அவை பயன்படா. தாமதம், பயண ரத்து, இணைப்பு விமானம் தவறுதல் ஆகிய மூன்றும் வெவ்வேறு தலைப்புகள். ஒன்று இருப்பதால் மற்றவையும் இருக்கும் என எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் உச்சத் தொகை எவ்வளவு, அது மொத்தமாகத் தரப்படுமா, ரசீதுக்கு மட்டும் தரப்படுமா என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது வாங்கும் நாள். புயலுக்குப் பெயர் சூட்டப்பட்டு வானொலியில் எச்சரிக்கை ஒலித்த பின்னர் ஓடிச்சென்று வாங்கினால், முன்பே அறிந்த ஆபத்து என்று மறுத்துவிடுவார்கள். பயணச் சீட்டு வாங்கும் நாளிலேயே காப்பீட்டையும் வாங்குவது நலம்.

குழுவாகச் செல்வோர், “ஏஜெண்ட் பார்த்துக்கொள்வார்” என்று இருந்துவிடாமல், தம் பெயரிலுள்ள பத்திரத்தின் நகலைப் புறப்படுமுன் கேட்டு வாங்கிக்கொள்க. தாமதம் நேர்ந்தால், எத்தனை மணி நேரம், என்ன காரணம் என்று குறிப்பிடும் கடிதத்தை விமான நிறுவனத்திடம் பெறுக. உணவு, அறை ஆகியவற்றின் ரசீதுகளைப் பத்திரப்படுத்துக. செய்யாத செலவுக்கு ரசீது காட்டுவது அமானிதத்தில் மோசம் செய்வதாகும். புனிதப் பயணத்தின் பலனை அது அரித்துவிடும். நியாயமான கோரிக்கையைக் காப்பீட்டு நிறுவனம் மறுத்தால், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

ஆகுமா, ஆகாதா?

மார்க்கப் பேணுதலுள்ள உள்ளங்களில் எழும் கேள்வி இது. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, வணிகமுறைக் காப்பீட்டில் ‘ஃகரர்’ என்னும் நிச்சயமின்மை மிகுந்திருப்பதால் அது கூடாது என்றும், நன்கொடை அடிப்படையில் ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீடு ஆகும் என்றும் முடிவு கூறியது. சிரியாவின் பேரறிஞர் முஸ்தஃபா ஸர்கா போன்றோர் காப்பீடு கூடும் எனக் கருதினர். மலேசியாவில் 1984-லேயே தகாஃபுல் சட்டம் வந்துவிட்டதால் அங்குள்ள நம்மவர்க்கு வழி எளிது. இங்குள்ளோர் தம் ஊர் உலமாப் பெருமக்களிடம் கேட்டுத் தெளிவு பெறட்டும்.

கூடாது என்ற கருத்தை ஏற்போரும் வெறுங்கையோடு புறப்பட வேண்டியதில்லை. குழுவினர் ஆளுக்கொரு தொகையை நன்கொடை நிய்யத்துடன் பொதுவில் வைத்து, இடர்ப்பட்டவருக்குச் செலவிட்டு, மிஞ்சியதை ஏழைகளுக்கு வழங்கிவிடலாம்.

நிய்யத்திலும் முன்னேற்பாடு

தடைக்கு முன்னேற்பாடு செய்வது இவ்வணக்கத்துக்குப் புதிதன்று. நோயுற்றிருந்த ளுபாஆ (ரலி) என்னும் பெண்மணி ஹஜ்ஜுக்குப் போக விரும்பியபோது, தாம் தடுக்கப்படும் இடத்தில் இஹ்ராமிலிருந்து விடுபடுவதாக நிபந்தனையிட்டு நிய்யத் செய்துகொள்ளும்படி அண்ணலார் வழிகாட்டினார்கள். இஹ்ராம் உடையை வீட்டிலேயே உடுத்தியிருந்தாலும், நிய்யத் செய்த பிறகே இஹ்ராமின் கட்டுப்பாடு தொடங்குகிறது. மழைக்காலத்தில் வழியில் விமானம் மாறிச் செல்வோர், நிய்யத்தை எந்த இடத்தில் செய்வது, தடை நேர்ந்தால் என்ன செய்வது என்பதைத் தத்தம் மத்ஹபின்படி முன்கூட்டியே ஆலிம்களிடம் அறிந்துகொள்ளட்டும். அன்றாட மருந்துகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளட்டும்.

மழையை இறக்குபவன் அல்லாஹ். அதை நிறுத்துபவனும் அவனே. கட்டவேண்டிய கயிற்றைக் கட்டிவிட்டு அவன் வாசலுக்குப் புறப்படும் ஒவ்வொருவரையும் நலமே கொண்டுசேர்த்து, நலமே இல்லம் திருப்ப வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.