யாருடைய பேய் அது?

போன மாசம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையன் டிவி முன்னால் உட்கார்ந்து கார் ரேஸ் விளையாடிக்கொண்டிருந்தான். அவன் காருக்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு கார் ஓடியது. கண்ணாடியில் செய்த மாதிரி உடம்பு. அதை ஊடுருவி ரோடு தெரிகிறது. இவன் கார் அதன் மேல் ஏறினாலும் மோதவில்லை, புகுந்து வெளியே வந்துவிட்டது.

"அது யாருடா?"

"பேய், மாமா."

"யாரோட பேய்?"

"என்னோடதுதான். நேத்து நான் ஓட்டினது."

சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டு ஆட்டத்தில் மூழ்கிவிட்டான். எனக்குத்தான் அந்தக் கேள்வி மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. கதைகளில், காமிக்ஸில், கேம்களில் வரும் பேய்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. நம்மைப் பயமுறுத்துவது பேயின் கோரைப் பல்லோ விரித்த கூந்தலோ இல்லை. ஒவ்வொரு பேய்க்கும் ஒரு விதி இருக்கிறது. எதைச் செய்யும், எதைச் செய்யாது, எங்கே திரும்பிப் போகும் என்கிற விதி. அதுதான் அந்தப் பேயின் உயிர், அப்படிச் சொல்லலாம் என்றால்.

முருங்கை மரத்தில் ஆரம்பிக்கலாம்

நமக்கெல்லாம் தெரிந்த பேய் விக்கிரமாதித்தன் தோளில் தொங்கும் வேதாளம். கறாராகப் பார்த்தால் அது செத்தவனின் ஆவி கிடையாது. வேறு யாருடைய பிணத்துக்குள்ளோ குடியேறிக்கொண்ட ஒன்று. வாடகை வீடு மாதிரி. 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் இந்த 25 கதைகளும் வருகின்றன. அதில் வேதாளம் தொங்குவது சிம்சுபா மரத்தில். தமிழுக்கு வந்தபோது அது முருங்கை மரத்தில் ஏறிவிட்டது, பழமொழியாகவும் ஆகிவிட்டது.

இதன் விதியைக் கவனியுங்கள். அரசன் பிணத்தைத் தூக்கிக்கொண்டு மௌனமாக நடக்க வேண்டும். வாய் திறந்தால் வேதாளம் மரத்துக்குப் போய்விடும். வேதாளம் கதை சொல்லி முடித்து ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். பேசினால் ஆட்டம் முதலிலிருந்து. பேசாவிட்டால் ஆட்டமே முடிந்தது. 24 முறை அரசன் பதில் சொல்கிறான், 24 முறையும் திரும்ப நடக்கிறான். கடைசிக் கேள்விக்கு மட்டும் அவனுக்கு உண்மையிலேயே விடை தெரியவில்லை. தெரியாததால் மௌனம், மௌனத்தால் வெற்றி.

இன்றைக்கு ஒரு கேம் வடிவமைப்பாளரிடம் இதைச் சொன்னால், "லெவல் நல்லா இருக்கே" என்பார்.

1947ல் தொடங்கிய அம்புலிமாமாவில் இந்த 25 கதைகள் போதவில்லை. அதே சட்டகத்தில் புதுப் புதுக் கதைகளை எழுதிப் பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள். விதி உறுதியாக இருந்ததால் அது முடிந்தது. ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படமும் ஒரு காரணம்: ஒரு கையில் வாள், தோளில் பிணம், சுற்றிலும் சுடுகாடு. 2020ல் அவர் மறைந்தபோது பலரும் முதலில் நினைத்துக்கொண்டது அந்தப் படத்தைத்தான்.

என் அப்பாவிடம் அம்புலிமாமா இதழ்களைச் சேர்த்துத் தைத்து பைண்ட் பண்ணிய தொகுதி ஒன்று இருந்தது. இப்போது என்னிடம் இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

காகிதத்தில் பேய்: சந்தேகம்தான் சாப்பாடு

எழுத்தில் வரும் பேய்க்கு ஒரு வசதி. அதை யாரும் காட்ட வேண்டியதில்லை. 'வாசலில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது' என்று எழுதினால் போதும், மிச்சத்தை வாசகர் பார்த்துக்கொள்வார்.

ஹென்றி ஜேம்ஸ் 1898ல் எழுதிய 'த டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ' இதற்கு உலகப் பிரசித்தமான உதாரணம். ஒரு பெரிய வீட்டில் இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வரும் ஆசிரியை, செத்துப்போன இரண்டு பேரைப் பார்ப்பதாகச் சொல்கிறாள். நமக்குக் கிடைப்பது அவள் சொல் மட்டும்தான். பேய் இருந்ததா, அவள் மனம்தான் பிசகியதா? நூறு வருஷத்துக்கு மேலாகச் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது.

நம்மூரில் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' இதே வேலையைச் செய்கிறது. கதை சொல்பவர் ஒரு எழுத்தாளர். மனைவி ஒரு பிச்சைக்காரியை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். ராத்திரியில் ஏதோ ஒரு வாசனை. அவ்வளவுதான், படிக்கிற நமக்கே மூக்கு விடைக்க ஆரம்பித்துவிடும். கதை முடிந்த பிறகும் நடந்தது என்ன என்று யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. தீர்ப்புச் சொல்லியிருந்தால் அந்தக் கதையை ஒருமுறை படித்துவிட்டு மறந்திருப்போம்.

ஆக, காகிதப் பேயின் விதி: நிரூபிக்கப்பட்டால் செத்துவிடும்.

காமிக்ஸில் பேய்: வரைந்துதான் ஆக வேண்டும்

காமிக்ஸில் இந்த வசதி இல்லை. கட்டத்துக்குள் பேய் இருக்கிறது என்றால் ஓவியர் எதையாவது வரைந்தாக வேண்டும். வரைந்ததும் சந்தேகம் போய்விடுகிறது. அதனால் காமிக்ஸ் பேய்கள் வேறு வழியில் போயின.

ஒரு வழி, பயத்தையே கழற்றிவிடுவது. 1945ல் கார்ட்டூன் படமாக வந்து, பிறகு காமிக்ஸில் பெயர் வாங்கிய காஸ்பர் அப்படித்தான். நண்பர்கள் வேண்டும் என்று அலைகிற குட்டிப் பேய். 1954ல் அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டுக்கொண்டார்கள். நடமாடும் பிணம், ரத்தக் காட்டேரி, பிணந்தின்னி, ஓநாய் மனிதன் எல்லாம் கூடாது. தலைப்பில் 'திகில்' என்று பொருள்படும் சொல்கூடக் கூடாது. பல திகில் இதழ்கள் கடையைக் கட்டின. காஸ்பர் மட்டும் ஜாலியாகப் பறந்துகொண்டிருந்தான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அவன் எந்தக் குழந்தையின் ஆவி, எப்படிச் செத்தது என்ற கேள்வியைக் காமிக்ஸ் பெரும்பாலும் தொடாமலே நழுவிவிடும். தொட்டால் குட்டிப் பேய் சட்டென்று தாங்க முடியாத சோகமாகிவிடுமே!

இன்னொரு வழி இன்னும் சுவாரஸ்யமானது. 1936 பிப்ரவரியில் லீ ஃபாக் தொடங்கிய ஃபாண்டம். 'நடமாடும் பேய்' என்பது அவர் பட்டப்பெயர். முத்து காமிக்ஸில் அவர் 'வேதாளர்', ராணி காமிக்ஸில் 'மாயாவி'. (இரும்புக்கை மாயாவி வேறு ஆள். சின்ன வயதில் இந்தக் குழப்பம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது.) ஆனால் ஃபாண்டம் பேயே கிடையாது. அப்பா செத்ததும் மகன் அதே முகமூடியை மாட்டிக்கொள்கிறான். அவனுக்குப் பிறகு அவன் மகன். நாம் படிப்பது 21ஆம் தலைமுறை ஆளின் கதை. காட்டில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. 400 வருஷமாக ஒரே ஆள் சாகாமல் அலைகிறார் என்று நம்புகிறார்கள்.

அந்த ரகசிய மாற்றம்தான் இந்தப் பேயின் விதி. மகன்கள் அப்பாவைப் போலவே நடந்துகொண்டே இருக்கும்வரை அது சாகாது.

கேமில் பேய்: கணக்கு

கேமுக்கு வந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. பேய் அடுத்த நொடி எங்கே நகரும் என்பதை யாராவது முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். இதை அழகாகச் செய்தவர் டோரு இவாடானி. 1980ல் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட பேக்-மேன் அவர் வடிவமைத்தது. நான்கு பேய்களும் பார்க்க ஒரே மாதிரி, நிறம் மட்டும் வேறு. ஆனால் புத்தி வேறு வேறு.

சிவப்பு, நீங்கள் நிற்கும் கட்டத்தை நோக்கி நேராக வரும். இளஞ்சிவப்பு, நீங்கள் பார்க்கும் திசையில் 4 கட்டம் முன்னால் குறிவைக்கும், அதாவது வழிமறிக்கும். நீலத்தின் கணக்கு கொஞ்சம் சிக்கல்: உங்களுக்கு 2 கட்டம் முன்னால் ஒரு புள்ளி, சிவப்புப் பேயிலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு, அந்தக் கோட்டை இன்னொரு மடங்கு நீட்டினால் முடிகிற இடம்தான் அதன் குறி. சிவப்பு எங்கே இருக்கிறதோ அதைப் பொறுத்து நீலம் மாறும். ஆரஞ்சு, தூரத்தில் இருக்கும்போது வீராவேசமாகத் துரத்தும். 8 கட்டத்துக்குள் வந்துவிட்டால் நைசாகத் தன் மூலைக்குத் திரும்பிவிடும். ஜப்பானிய மொழியில் இவற்றின் குணப்பெயர்களே துரத்துபவன், மறிப்பவன், சலனபுத்திக்காரன், ஒன்றும் தெரியாத மாதிரி நடிப்பவன் என்ற பொருளில்தான் இருக்கின்றன.

எந்தப் பேயும் தொலைநோக்குடன் திட்டம் போடுவதில்லை. ஒவ்வொரு சந்திப்பிலும், அடுத்த கட்டங்களில் எது குறிக்குப் பக்கம் என்று மட்டும் பார்க்கும். அவ்வளவுதான். ஆனால் விளையாடுகிறவருக்கு, நாலு பேரும் கூடிப் பேசி வளைத்த மாதிரி இருக்கும். முதல் லெவலில் 7 நொடி மூலைகளுக்குக் கலைந்து போவதும் 20 நொடி துரத்துவதும் மாறி மாறி வரும். இடையிடையே நமக்கு மூச்சுவிட நேரம் கொடுத்தால்தான் அடுத்த துரத்தலில் பயம் இருக்கும் என்று இவாடானிக்குத் தெரிந்திருக்கிறது.

இதே ஆட்டம் 1982ல் அடாரி 2600 வீட்டுப் பெட்டிக்கு வந்தபோது ஒரு வேடிக்கை. அந்த எந்திரத்தின் சக்திக்கு நாலு பேயை ஒரே நேரத்தில் காட்டுவது பெரும்பாடு. அதனால் ஒரு தடவைக்கு ஒரு பேய் என்று வேகமாக மாற்றி மாற்றிக் காட்டினார்கள். விளைவு, பேய்கள் மினுக்கிக்கொண்டே இருந்தன. யாரும் திட்டமிடாமலே அசல் ஆவி மாதிரி!

பின்னால் வந்தவர்களும் விதியில்தான் விளையாடினார்கள். சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3ல் (1988) வரும் பூ என்ற பேய், நீங்கள் பார்த்தால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே நிற்கும். முதுகைக் காட்டினால் வரும். 2001ல் வந்த ப்ராஜெக்ட் ஸீரோவில் உங்கள் ஆயுதம் ஒரு பழைய கேமரா. பேயைப் படம்பிடித்துத்தான் விரட்ட வேண்டும், அது கிட்டே வர வர அடி பலமாக விழும். பயந்து தள்ளி நின்றால் தோற்பீர்கள்.

மோதாத பேய்

இப்போது அக்கா பையனின் கண்ணாடிக் காருக்கு வருகிறேன். இது பழைய ஏற்பாடு. 1992ல் வந்த சூப்பர் மரியோ கார்ட்டிலேயே உண்டு. நீங்கள் ஒரு சுற்று ஓட்டி முடித்ததும் அதைக் கேம் குறித்து வைத்துக்கொள்ளும். வீடியோவாக அல்ல, எந்தக் கணத்தில் கார் எங்கே இருந்தது, அல்லது எந்த பட்டனை அழுத்தினீர்கள் என்ற எண்களாக. அடுத்தமுறை அந்த எண்களை வைத்து ஒரு காரை ஓட்டிக் காட்டும். அதற்குப் புத்தி கிடையாது, உங்களைப் பார்க்காது, மோதாது. நீங்கள் பிரேக் போட்ட இடத்தில் பிரேக் போடும். வழுக்கின வளைவில் வழுக்கும்.

விதி ஒன்றே ஒன்று. அதைவிட வேகமாக நீங்கள் கோட்டைத் தாண்டினால், பழைய பேய் அழியும். புதுசு அந்த இடத்துக்கு வரும்.

2014ல் ஒரு யூடியூப் வீடியோவுக்குக் கீழே ஒரு பையன் எழுதிய நாலு வரி உலகம் முழுக்கச் சுற்றியது. அவனும் அப்பாவும் எக்ஸ்பாக்ஸில் ராலிஸ்போர்ட் சாலஞ்ச் என்ற கார் ரேஸ் விளையாடுவார்களாம். அவனுக்கு ஆறு வயதாகும்போது அப்பா இறந்துவிட்டார். பத்து வருஷம் அந்தப் பெட்டியை அவன் தொடவில்லை. பிறகு ஒருநாள் போட்டுப் பார்த்தால், அப்பாவின் சாதனைச் சுற்று பேய்க் காராக இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. விளையாடி விளையாடி அதைக் கிட்டத்தட்டப் பிடித்துவிட்டான். ஒருநாள் முந்தியும் விட்டான். முந்தியதும், எல்லைக் கோட்டுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டான். தாண்டினால் அப்பா அழிந்துவிடுவார்.

இதைப் படித்த அன்று என் குறிப்புகளை மூடி வைத்துவிட்டேன். நான் இதுவரை சொன்ன பேய்கள் எல்லாம் யாரோ கற்பனை செய்தவை. இது ஒன்றுதான் உண்மையிலேயே இருந்த ஒரு மனிதரின் கை அசைந்த தடம். எந்த வளைவில் அவசரப்படுவார், எங்கே தயங்குவார் என்பது வரை அப்படியே.

அப்பாவின் அம்புலிமாமா தொகுதிக்கு வருகிறேன். வேதாளம் கேள்வி கேட்கிற இடத்தில், அரசனின் பதிலைப் படிக்கும் முன், அப்பா ஓரத்தில் பென்சிலில் தன் விடையை எழுதி வைத்திருக்கிறார். பக்கத்தில், படித்த பிறகு போட்ட 'சரி' அல்லது 'தப்பு'. ஒரு இடத்தில் 'தப்பு' போட்டு, அதை அடித்து, 'ராஜா சொல்றதுதான் தப்பு' என்று இருக்கிறது. அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நான் ஓரத்தை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு கதையைப் படிக்கிறேன். என் விடையைத் தனித்தாளில் எழுதிவிட்டுத்தான் அட்டையை எடுப்பேன். இதுவரை 19 கதை. அவருக்கு 11 சரி, எனக்கு 8. முதலில் வாரம் ஒன்று படித்தேன். பிறகு மாதம் ஒன்று. இன்னும் மூன்று கதை பாக்கி இருக்கிறது. மூன்றும் எனக்குச் சரியாக வந்தால் ஸ்கோர் சமமாகிவிடலாம். அவசரம் ஒன்றும் இல்லை.

அக்கா பையனிடம் அந்தப் பையன் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அந்த சேவை வேற எதுலயாவது காப்பி பண்ணி வச்சிருக்கலாமே, மாமா?"

நியாயமான கேள்வி. அன்று ராத்திரியே தொகுதியின் பக்கங்களை போனில் படம் எடுக்க ஆரம்பித்தேன். கடைசி மூன்று கதைகளை மட்டும், ஓரத்தைப் பார்த்துவிடாமல் இருக்க, அவனையே எடுக்கச் சொன்னேன்.