தனியார் ஆய்வுச் சேகரங்களின் நெடுங்காலக் காப்பு: மதுரை வட்டாரச் சூழலில் மின்சேமிப்பு ஊடகத் தேர்வு

ஆய்வுச்சுருக்கம்

நூல்வருடல்கள், கள ஒலிப்பதிவுகள், கல்வெட்டு ஒளிப்படங்கள் என ஓர் ஆய்வாளர் வாழ்நாளெல்லாம் திரட்டும் தரவுகள் இன்று பல டெராபைட் அளவில் வீட்டு அலமாரிகளில் உள்ளன. இவற்றை நெடுங்காலம் காக்கத்தக்க ஊடகம் எது என்னும் வினாவை மதுரை நகரம், அதைச் சூழ்ந்த சமவெளி ஆகியவற்றின் தட்பவெப்பச் சூழலில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. எந்த ஊடகமும் தனித்து நின்று தரவைக் காப்பதில்லை. படிகளின் எண்ணிக்கை, இடவேறுபாடு, காலமுறைச் சரிபார்ப்பு, உரிமை மாற்றம் ஆகிய நான்கும் சேர்ந்தே காக்கின்றன என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: மின்சேமிப்பு, காப்புப்படி, வன்தட்டு, காந்த நாடா, குறியேற்றம், ரோஜா முத்தையா சேகரம், மதுரைத் திட்டம்.

முன்னுரை

தமிழாய்வு வரலாற்றில் தனியார் சேகரங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் சொந்த முயற்சியால் ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும் சிறுவெளியீடுகளையும் திரட்டினார். 1992இல் அவர் மறைந்தபின், 1994இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அச்சேகரம் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றது. அங்கு நூல்கள் நுண்படச்சுருளில் படியெடுக்கப்பட்டன. பின்னர் மின்வடிவும் பெற்றன.

கேட்பாரற்றுக் கிடந்தாலும் ஓர் அச்சுநூல் சில ஆண்டுகள் தாங்கும். எடுத்துத் தூசி தட்டினால் படிக்கலாம். வன்தட்டில் உள்ள சேகரத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. கடவுச்சொல் தெரியாமற்போனாலோ தட்டு சுழல மறுத்தாலோ சேகரம் முழுவதும் ஒரே நாளில் இல்லாமற்போகும். எனவே ஊடகத் தேர்வை ஆய்வறத்தின் ஒரு கூறாகவே கருதவேண்டியுள்ளது.

சேகரத்தின் அளவைக் கணித்தல்

எதில் சேமிப்பது என்பதற்கு முன் எவ்வளவு சேமிப்பது என்பதை அறியவேண்டும். ஏ4 அளவுப் பக்கம் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்னும் செறிவில் முழுவண்ணத்தில் வருடினால், அகலம் 2,480 புள்ளிகள், உயரம் 3,508 புள்ளிகள், புள்ளிக்கு 3 பைட் என்ற கணக்கில், சுருக்கப்படாத கோப்பு ஏறத்தாழ 26 மெகாபைட் ஆகும். டெம்மி அளவு நூலின் பக்கம் இதில் பாதி, அதாவது 13 மெகாபைட். சராசரியாக 200 பக்கம் கொண்ட 5,000 நூல்கள் 10 லட்சம் பக்கங்கள். அவற்றுக்கு 13 டெராபைட் வேண்டும். அதே பக்கங்களைப் பக்கத்துக்கு ஒரு மெகாபைட் என்னுமளவு ஜேபெக் வடிவில் சுருக்கினால் ஒரு டெராபைட்டே போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் இருதட ஒலிப்பதிவு மணிக்கு ஏறத்தாழ ஒரு கிகாபைட் கொள்ளும்.

இக்கணக்கு ஒரு தெரிவை முன்வைக்கிறது. வேறெங்கும் கிடைக்காத சிறுவெளியீடு, கையெழுத்துப்படி, நேர்காணல் ஒலிப்பதிவு ஆகியவற்றை முழுத்தரத்தில் வைத்துக்கொள்ளலாம். பிற நூலகங்களிலும் கிடைக்கும் நூல்களுக்குச் சுருக்கிய வடிவமே போதும். எல்லாவற்றையும் ஒரே தரத்தில் காக்க முயன்று செலவு தாங்காமல் இடையில் கைவிடுவதைவிட, அரியவற்றை முதலில் பிரித்தெடுத்துக் காப்பதே நடைமுறைக்கு உகந்தது.

ஊடகங்களும் மதுரைச் சூழலும்

மதுரைச் சமவெளியில் சித்திரை, வைகாசி மாதங்களில் பகல் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தொடுவது இயல்பு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையோடு காற்றின் ஈரப்பதம் உயர்கிறது. குளிரூட்டப்பட்ட அறைகளை மனத்திற்கொண்டு உற்பத்தியாளர்கள் கூறும் ஆயுட்காலத்தை இங்குள்ள வீட்டு அலமாரிக்கு அப்படியே பொருத்துதல் இயலாது.

வன்தட்டு: டெராபைட்டுக்கு ஆகும் செலவில் மலிவானது, எளிதில் கிடைப்பது. ஆனால் சுழலும் உறுப்புகள் கொண்டது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளே அதன் நம்பத்தகுந்த பணிக்காலமாகக் கொள்ளப்படுகிறது. வீட்டுப் பயன்பாட்டுத் தட்டுகள் பலவற்றுக்கு, 10¹⁴ பிட்டுகளைப் படிக்கையில் மீட்கமுடியாத பிழை ஒன்றுக்குள் நேரலாம் என உற்பத்தியாளர் வரம்பு குறிக்கின்றனர். 10¹⁴ பிட் என்பது 12.5 டெராபைட். மேற்கூறிய 13 டெராபைட் சேகரத்தை ஒருமுறை முழுமையாகப் படிக்கும்போதே இவ்வரம்பு எட்டப்படுகிறது. நடைமுறையில் பிழைகள் இதனினும் குறைவாகவே நேர்கின்றன. எனினும் ஒற்றைப்படியை நம்பக்கூடாது என்பதற்கு இது போதிய சான்று.

திண்மநிலைச் சேமிப்பி: எஸ்.எஸ்.டி., பென்டிரைவ், நினைவக அட்டை ஆகியன மின்னூட்டத்தைச் சிறையிட்டுத் தரவைக் காப்பவை. வெப்பம் மிகுந்தால் மின்னூட்டம் விரைவாகக் கசியும். எழுதும் ஆயுள் முடிந்த நிலையில், மின்னிணைப்பு இன்றி 30 பாகை வெப்பத்தில் ஓராண்டு தரவைத் தாங்கவேண்டும் என்பதே தனிப்பயன் எஸ்.எஸ்.டி.க்கு ஜெடெக் தரவமைப்பு விதித்த அளவு. புதிய சேமிப்பி இதைவிட நெடுங்காலம் தாங்கும். ஆயினும் 30 பாகைக்குக் குறையாத நாள்களே மிகுந்த ஊரில் அலமாரியில் வைத்து மறப்பதற்குரிய ஊடகம் இதுவன்று.

காந்த நாடா: எல்.டி.ஓ. வகை நாடா உரிய சூழலில் 30 ஆண்டுகள் வரை தாங்கும் என்பர். எட்டாம் தலைமுறை நாடாவில் 12 டெராபைட்டும், ஒன்பதாம் தலைமுறையில் 18 டெராபைட்டும் சுருக்கமின்றி அடங்கும். இரு தடைகள் உள்ளன. நெடுங்காலச் சேமிப்புக்கு ஏறத்தாழ 16 முதல் 25 பாகை வெப்பம் வேண்டும். இதற்குக் குளிரூட்டிய அறை தேவை. அடுத்து, நாடா மலிவு. அதைப் படிக்கும் கருவியோ தனியாளின் கைக்கு எட்டாத விலையினது. ஒன்பதாம் தலைமுறைக் கருவி எட்டாம் தலைமுறை நாடாவைப் படிக்கும். ஏழாம் தலைமுறை நாடாவைப் படிக்காது. ஆகவே நாடா ஆயுளோடு இருந்தாலும் கருவி வழக்கொழியும். பல கல்லூரிகள் சேர்ந்து ஒரு கருவியைப் பகிர்ந்துகொள்ளுமிடத்தே நாடா பொருந்தும்.

ஒளிவட்டு: சாயப்படலம் கொண்ட எழுதத்தகு குறுந்தகடுகள் வெப்பத்திலும் ஒளியிலும் சிதைவன. கனிமப்படலம் கொண்ட எம்-டிஸ்க் வகை நீடிப்பது. நீர் பட்டாலும் மின்னழுத்தம் தாறுமாறானாலும் தாங்குவது. ஆனால் வட்டுக்கு 100 கிகாபைட்டே உச்ச அளவு. ஆதலால் 13 டெராபைட்டுக்கு 130 வட்டுகள் வேண்டும். மிக அரியனவற்றை மட்டும் பதிந்துவைக்க இது ஏற்றது.

மேகச் சேமிப்பு: இடவேறுபாட்டை எளிதில் தருவது. ஆனால் கட்டணம் செலுத்தும்வரையே வாழ்வது. இரண்டாண்டு பயன்பாடற்ற தனியார் கணக்குகளை நீக்கலாம் என்னும் விதியைக் கூகுள் நிறுவனம் 2023இல் கொணர்ந்தது. கணக்குரியவர் மறைந்தபின் சேகரமும் மறைய இதுவே போதும்.

படியெடுத்தலும் சரிபார்த்தலும்

ஓலைச்சுவடி மரபு இவ்விடத்தில் ஒரு வழிகாட்டி. ஓலை அழியும் என்பதை அறிந்தே முன்னோர் தலைமுறைதோறும் பெயர்த்தெழுதினர். பெயர்த்தெழுதப்பட்ட நூல்கள் நமக்குக் கிடைத்தன, பிற மறைந்தன. மின்தரவுக்கும் இதே நியதி. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிய ஊடகத்துக்கு மாற்றுவதைத் திட்டத்திலேயே சேர்த்துவிடவேண்டும்.

ஏடு பெயர்த்தெழுதுவோர் பிழை செய்தது போலவே கருவியும் பிழை செய்யும். அப்பிழையைக் கண்டறிய ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்.எச்.ஏ.-256 போன்ற சரிபார்ப்பு எண்ணைக் கணித்துப் பட்டியலாக வைக்கலாம். ஆண்டுக்கொருமுறை மீண்டும் கணித்து ஒப்பிட்டால், ஒரு பிட் மாறியிருந்தாலும் தெரியவரும். பழுதான கோப்பை மற்றொரு படியிலிருந்து மீட்கலாம். பட்டியல் இல்லையேல், பழுதான கோப்பே நல்ல படியின்மேல் எழுதப்படவும் கூடும்.

மூன்று படிகள், இருவகை ஊடகம், ஒன்று வெளியூரில் என்னும் விதி பரவலாக ஏற்கப்பட்டது. அதன் தேவையைத் தமிழர் வரலாறே உணர்த்தும். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் படி இல்லாதவை மீளவில்லை. 1993இல் வைகை பெருக்கெடுத்து மதுரை நகருக்குள் புகுந்தது; 2015இல் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. வைகைக்கரைத் தெருவொன்றில் இருவீடுகளில் வைக்கும் இரு படிகள் வெள்ளத்தின்முன் ஒரு படியே. மதுரையில் இரண்டும் கோயம்புத்தூரிலோ திருச்சிராப்பள்ளியிலோ ஒன்றும் வைப்பது தக்கது.

குறியேற்றமும் கோப்பு வடிவமும்

ஊடகம் பிழைத்தும் நூல் மறையும் விந்தை தமிழுக்கு அணுக்கமானது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான ஆய்வேடுகள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். 1998 பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் இதற்கு நல்ல மாதிரி. தொடக்க ஆண்டுகளில் டிஸ்கி குறியேற்றத்தில் அமைந்த அதன் மின்னூல்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. அதனாலேயே இன்றும் படிக்கத்தக்கனவாய் உள்ளன. ஆதலின் தனியார் சேகரங்களிலும் உரைக்கு ஒருங்குறி, வருடலுக்கு டிஃப் அல்லது பி.டி.எஃப்./ஏ, ஒலிக்குச் சுருக்கப்படாத வேவ் எனப் பலரறிந்த வடிவங்களையே கொள்ளுதல் வேண்டும்.

முடிவுரை

மதுரை வட்டார ஆய்வாளர் ஒருவருக்கு இன்றைய நிலையில் உகந்த அமைப்பு இது: வெவ்வேறு நிறுவனங்களின் இரு வன்தட்டுகள், மிக அரியனவற்றுக்கு எம்-டிஸ்க், வெளியூரில் அல்லது மேகத்தில் ஒரு படி, ஆண்டுதோறும் சரிபார்ப்பு, ஐந்தாண்டுக்கொருமுறை இடமாற்றம். இவற்றோடு, சேகரத்தில் என்ன உள்ளது, எங்குள்ளது, கடவுச்சொல் யாரிடம் உள்ளது, தமக்குப்பின் எந்த நூலகத்துக்கு உரியது என்பதை ஒரு தாளில் அச்சிட்டுக் குடும்பத்தாரிடமும் துறைத்தலைவரிடமும் அளித்துவைத்தல் வேண்டும். கோட்டையூர்ச் சேகரம் பிழைத்தது, அதன் மதிப்பை அறிந்தோர் உரிய காலத்தில் வந்தமையால். வன்தட்டு புறத்தோற்றத்தில் தன் மதிப்பைக் காட்டாது. அத்தாள் ஒன்றே அதைப் பிறருக்கு உணர்த்தும்.